பெயரை நம்பாத நிரல்

சர்க்கரை ஆலை அமைந்துள்ள எறையூர் மக்களுக்கு எடைமேடையை விளக்கத் தேவையில்லை. கரும்பு வண்டி மேடையில் ஏறியதும், எடைகாட்டும் கருவி அந்த எண்ணை எழுத்தெழுத்தாகக் கம்பி வழியே கணினிக்கு அனுப்புவதுண்டு. அக்கம்பி வந்து சேரும் வாயில் ‘சீரியல் போர்ட்’ ஆகும். வரும் எழுத்துகளை வாங்கிக் கணினியிடம் ஒப்படைக்கும் நிரலே ‘டிரைவர்’. 12340 கிலோ என்பதில் 2 தவறினால் 1340 ஆகிவிடும். 11000 கிலோ கணக்கில் வாராது! ஓர் எழுத்துத்தானே என்று இருந்துவிட முடியுமா?

எழுத்து ஏன் தவறுகிறது?

போர்ட்டினுள் ‘யுஆர்ட்’ என்னும் சில்லு உள்ளது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் பயன்பட்ட 8250 சில்லு, வந்த எழுத்தில் ஒன்றை மட்டுமே எடுத்து வைத்திருக்கும். நொடிக்கு 9600 பிட் வேகத்தில், எழுத்துக்கு 10 பிட் எனக் கொண்டால், சுமார் 1 மில்லிநொடிக்கு ஓர் எழுத்து வரும். 115200 பிட் வேகத்தில் 87 மைக்ரோநொடிக்கு ஒன்று. அதற்குள் டிரைவர் எடுக்காவிடில் அடுத்த எழுத்து முன்னதை அழித்துவிடும். இக்குறை நீங்க, 16 எழுத்துகளை வரிசையாகத் தாங்கும் 16550 வந்தது. அதன் வரிசையிலேயே பழுது இருந்தது. 16550ஏ என்னும் சில்லில்தான் அது திருத்தப்பட்டது.

டிரைவர் செய்யும் சோதனைகள்

பெயரளவில் ஒரே குடும்பமான இச்சில்லுகளை லினக்ஸ் டிரைவர் எவ்வாறு பிரித்தறிகிறது?

முதலாவது, சில்லிலுள்ள குறிப்பேடு போன்ற ஒரு பதிவகத்தில் இரண்டு எண்களை மாறிமாறி எழுதித் திரும்பப் படிக்கிறது. எழுதியது வாராவிடில் அது பழைய 8250.

இரண்டாவது, வரிசையை இயக்கிவிட்டு, அடையாளப் பதிவகத்தின் மேலிரு பிட்டுகளைப் பார்க்கிறது. இரண்டும் 1 எனில் வரிசையை நம்பலாம். ஒன்று மட்டும் 1 எனில் அது பழுதுள்ள 16550. அதனை ஓரெழுத்துச் சில்லாகவே நடத்துகிறது.

மூன்றாவது, சில சில்லுகள் அனுப்பும் இடம் காலியான பின்பும் ‘அடுத்ததைத் தா’ என்று மணியடிப்பதில்லை. டிரைவர் தொடக்கத்திலேயே இதனைச் சோதித்து, மணி வாராவிடில் குறித்த இடைவெளியில் தானே சென்று பார்க்கக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொள்கிறது.

இத்தனைக்குப் பிறகும் எழுத்து அழிந்தால், நிலைப் பதிவகத்தில் அதற்கென ஒரு பிட் எழும். அதனைக் கண்டும் வாளாவிருப்பது பெருந்தவறு. அந்த எடையை ஏற்காது மீண்டும் கேட்பதே முறை.

நிரல் எழுதப் புகும் மாணவர் கொள்ள வேண்டியவை இரண்டு. சில்லின் பெயரைக் கொண்டு அதன் குணத்தை முடிவு செய்யலாகாது. சோதித்தே அறிதல் வேண்டும். மாற்றுவழி ஒன்றைச் சேர்த்தால், எந்தப் பழுதிற்காக என்பதையும் அருகிலேயே எழுதிவைத்தல் வேண்டும். இன்றேல், பின்னர் வருபவர் அவ்வரியைத் தேவையற்றதென நீக்கிவிடுவார். பழைய பழுதும் திரும்பிவிடும்.