எஸ்டிஏ4 எங்கே? பழைய மடிக்கணினியில் ஒரு பாடம்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அக்காவுக்குக் கிடைத்த கணினியைத் தங்கை பயன்படுத்தும் வீடுகள் சுருளிப்பட்டியில் இன்றும் உண்டு. அப்படி ஒன்றைப் பத்தாம் வகுப்பு மாணவி பள்ளிக்குக் கொண்டு வந்தாள். லினக்ஸைத் திறந்தால் 'வட்டில் இடமில்லை' என்ற செய்தி. "எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணினாத்தான் சரியாகும்" என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்களாம். அக்காவின் கல்லூரி புராஜெக்ட் அதில்தான் இருந்தது. வேறு நகல் இல்லை.

முதல் வேலையாக அதைப் பென்டிரைவில் நகலெடுத்தோம். பிறகு அதையே அன்றைய பாடமாக்கினேன்.

பார்ட்டிஷன் என்பது வட்டில் போட்ட வரப்பு. திராட்சைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வரப்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 'டிஎஃப் -ஹெச்' என்ற கட்டளை கொடுத்ததும் விஷயம் தெரிந்தது: ரூட் பகுதி 100 சதவீதம் நிரம்பியிருந்தது, மாணவர் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியில் பாதி காலி. மென்பொருள் நிறுவும்போது இறங்கிய பொதிகள் நிறுவிய பின்னும் ரூட்டில் தங்கியிருந்தன. 'ஆப்ட்-கெட் கிளீன்' என்ற ஒரே கட்டளையில் இடம் கிடைத்தது. எந்த வரப்பையும் நகர்த்தவில்லை.

பாடம் சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான். 'எஃப்டிஸ்க் -எல்' காட்டிய பட்டியலில் எஸ்டிஏ1, 2, 3 இருந்தன. அடுத்து 5, 6, 7. "நாலு எங்க டீச்சர்?" என்றான் ஒருவன்.

விடையைக் கரும்பலகையில் கணக்காகவே போட்டேன். பழைய முறையில் வட்டின் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் கணினியைத் தொடங்கும் நிரலுக்கு. 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. 2 பைட் முத்திரைக்கு. ஒரு பதிவுக்கு 16 பைட் வேண்டும். 64-ஐ 16-ஆல் வகுத்தால் 4. ஆகவே முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் கூடாது. கூடுதலாக வேண்டுமென்றால் அவற்றில் ஒன்றை 'எக்ஸ்டெண்டட்' ஆக்கி, அதற்குள் உட்பகுதிகள் பிரிக்க வேண்டும். 1 முதல் 4 வரையான எண்கள் முதல் அட்டவணைக்கே உரியவை; பயன்படாவிட்டாலும் காலியாகவே இருக்கும். உட்பகுதிகளின் எண் எப்போதும் 5-இல் தொடங்கும். இங்கே 3 எக்ஸ்டெண்டட், 4 காலி. (புதிய கணினிகளின் ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடம் உண்டு. இந்தத் தொல்லை அங்கே இல்லை. இந்தச் சுவையும் இல்லை.)

எஃப்டிஸ்கைத் தொடவே பயப்படும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். அதற்குள் 'பி' அழுத்தினால் அட்டவணை தெரியும். 'க்யூ' அழுத்தினால் எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடும். 'டபிள்யூ' அழுத்தும்வரை வட்டில் எதுவும் எழுதப்படாது. ஆகவே என் வகுப்பில் 'டபிள்யூ' ஆசிரியர் முன்னிலையில் மட்டும்தான். அதுவும் பழைய பென்டிரைவில்.

ஒவ்வொரு பகுதியின் தொடக்க, முடிவு செக்டர் எண்களை மாணவி தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அட்டவணை மட்டும் அழிந்தால் தரவு வட்டிலேயே இருக்கும். அந்த எண்களை வைத்து வரப்பை மீண்டும் அதே இடத்தில் போடலாம்.