நயினை அம்மன் அருள்

கேள்வி: மாமி படுத்த படுக்கை. அவவைப் பார்க்கிறதால் மூன்று வருடமாக நயினை அம்மன் திருவிழாவுக்குப் போகவில்லை. நேர்த்தியும் கிடக்குது. அம்மனின் அருள் எனக்கு இல்லாமல் போய்விடுமா?
வாசகி, இறுப்பிட்டி, புங்குடுதீவு

போகாது தங்கச்சி. அருள் என்பது போய் வந்ததற்குக் கிடைக்கிற கூலி அல்ல. இறைவனின் ஐந்தொழிலில் அருளலும் ஒன்று என்பது சைவ சித்தாந்தம். அது அவன் செயல். நாங்கள் உழைத்துச் சேர்க்கும் சொத்து இல்லை. உமாபதி சிவாச்சாரியார் இந்த அருளை விளக்கவே திருவருட்பயன் என்று நூறு குறள் எழுதினார்.

மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலைக்கு அமுதசுரபி என்ற பாத்திரம் கிடைத்தது மணிபல்லவத்தில். அது நம் நயினை, நயினாதீவுதான் என்று சொல்வோர் பலர்; அம்மன் கோயில் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை இட்டவள் யார்? துறவி அல்ல, அரசி அல்ல. புகாரில் வீட்டோடு இருந்த ஆதிரை. அவள் கைச்சோறு விழுந்த பிறகுதான் அது ஊர்ப்பசி தீர்த்தது. மாமிக்கு நீங்கள் கரைத்து ஊட்டும் கஞ்சியை அம்மன் காணாமல் விடுவாளா?

நேர்த்திக்குக் காலக்கெடு இல்லை. திருவிழாச் சனத்துக்குள் போக வேண்டாம். ஒரு சாதாரண நாளில் அயலில் ஒருவரை மாமியோடு இருத்திவிட்டு, குறிகட்டுவானில் காலைப் படகு எடுத்தால் மத்தியானத்துக்குள் திரும்பலாம். அதுவும் முடியாவிட்டால், போகிறவர்களிடம் அன்னதானத்துக்கு அரிசி கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் ஓய்வு வேண்டும். அயலாரிடம் உதவி கேட்கக் கூச்சப்படாதீர்கள்.