கடல் மேடை வேலைக்கு ஏஜெண்ட் எதற்கு?

கேள்வி: ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்திருக்கிறேன். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை வாங்கித் தர ஒரு ஏஜெண்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: வேண்டாம் தம்பி. காசு வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துத் தொழில் கற்றுத்தரும் வழி இருக்கிறது. அதுதான் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம். விழுப்புரத்தில் பஸ் ஏறினால் சிதம்பரம் தாண்டிக் காரைக்கால். அங்கே ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளுக்கு அந்த நிறுவனம் அறிவிப்பு விடும். மதிப்பெண்தான் கணக்கு. மத்திய அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் இன்றே பதிந்து வையுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால் கையில் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் அனுபவமும் இருக்கும். ஒப்பந்த நிறுவனங்கள் பார்ப்பது அதைத்தான்.

மேடைக்கு ஹெலிகாப்டரில் போகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. பெல்ட் மாட்டி உட்காரவைத்து, மாதிரி கேபினை நீச்சல் குளத்தில் மூழ்கடித்துத் தலைகீழாகப் புரட்டுவார்கள். ஒரு கை ஜன்னல் விளிம்பை விடக்கூடாது. புரளல் நின்ற பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். நீச்சல் தெரியாவிட்டால் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் மட்டுமல்ல, காற்றும் வருகிறது. தமிழகக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு உதவ 2024-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த கைக்கு அங்கேயும் வேலை இருக்கும்.