யார், என்ன, எங்கே – அப்புறம் யார்?

தோட்டத்துக்கு இப்போது அடிக்கடி வெளியாட்கள் வருகிறார்கள். ஒரு கிழமை தண்ணீர்த் தாங்கி அளக்க ஒரு நிறுவனம், மறு கிழமை மலசலகூடம் எண்ண இன்னொன்று. இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா, இல்லை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்களா என்று மாதர் கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடை தேட அம்பாறைக் கரையோரத்துக்குப் போவோம். மருதமுனைச் சாரம் நெய்கிற ஊர் இருக்கிற கரை அது.

கல்முனைப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல், நடுவில் ஒடுங்கிய நிலம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று வீட்டோடு வீடு ஒட்டி ஊர்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் இதுதான்.

சில நாட்களிலேயே உலகம் முழுவதிலுமிருந்து உதவி வந்து குவிந்தது. ஒரே முகாமுக்கு மூன்று லொறி உடுப்பு, அடுத்த முகாமுக்கு ஒன்றுமில்லை என்ற நிலைமை வரக்கூடாது அல்லவா? அதற்காக ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வேலையைப் பிரித்துக்கொண்டன. தற்காலிகக் கொட்டில்களை அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் முன்னின்று ஒருங்கிணைத்தது. தண்ணீருக்கும் பிள்ளைகளின் காரியங்களுக்கும் யுனிசெப். உணவுக்கு உலக உணவுத் திட்டம். இத்தோடு ஒரு அட்டவணையும் வைத்திருந்தார்கள். "யார், என்ன, எங்கே" என்று அதற்குப் பெயர். எந்த நிறுவனம், என்ன வேலை, எந்தக் கிராமத்தில் என்று அதில் பதிய வேண்டும். இரண்டு பேர் ஒரே இடத்தில் கிணறு இறைக்கப் போனால் அட்டவணை காட்டிக் கொடுத்துவிடும். நம்ம கணக்கப்பிள்ளை எந்த மலைக்கு எத்தனை ஆள் என்று எழுதுவது போலத்தான்.

இதில் பலன் இருந்தது. அவ்வளவு பிணம், அவ்வளவு அழுக்குத் தண்ணீர் இருந்தும் பெரிய தொற்றுநோய் எதுவும் பரவவில்லை. உள்ளூர் ஆஸ்பத்திரி ஊழியர்கள், பள்ளிவாசல்கள், கோயில்கள், ஊர் வாலிபர்கள் எல்லோரும் முதல் நாளிலிருந்தே பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஜீப் வருவதற்கு முன்னமே சோறு சமைத்தவர்கள் அவர்கள்தான்.

சோறு போடுவது ஒன்று, ஊரைத் திரும்பக் கட்டுவது வேறொன்று. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கடலோரத்தில் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் ஓர் எல்லை போட்டது. தெற்கில் 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர். கல்முனை போன்ற ஒடுங்கிய இடத்தில் 200 மீற்றரை விட்டால் மிஞ்சுவது வயல்தான். பிறகு இந்த எல்லையைத் தளர்த்தினார்கள். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் காணி இல்லாமல் கொட்டிலிலேயே காலம் தள்ளின.

அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் கட்டினார்கள். (புத்தளத்து நுரைச்சோலை வேறு, அனல்மின் நிலையம் இருப்பது அங்கே.) வீட்டோடு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்த திட்டம். யாருக்குக் கொடுப்பது என்பதில் வழக்கு வந்தது. ஓர் இனத்தவருக்கு மட்டும் கொடுக்க முடியாது என்று 2008இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வீடுகள் கட்டி முடிந்தும் பத்து வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தன. செங்கல்லும் இருந்தது, காசும் இருந்தது. சாவி யார் கைக்குப் போகும் என்பதை முதலிலேயே எல்லாச் சமூகத்தையும் உட்காரவைத்துப் பேசி எழுதவில்லை.

இன்னொன்றும் உண்டு. அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டில் 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஒரு குப்பை முகாமைத்துவ நிலையம் அமைத்தார்கள். சுற்றியுள்ள 9 ஊர்களின் குப்பை அங்கே போனது. குப்பையைப் பிரித்து மறுபடி பாவிக்க வேண்டும், ஆனால் வெறுமனே கொட்டினார்கள். யானை வராமலிருக்க மின்சார வேலி இருந்தது. 2014இல் மின்னல் விழுந்து அது பழுதாகிவிட்டது. யாரும் திருத்தவில்லை. யானைகள் உள்ளே வந்து பொலித்தீனைத் தின்னத் தொடங்கின. 2022 ஜனவரி வரையான எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் செத்துப் போயின. ஒரு வேலியைத் திருத்த என்ன பெரிய செலவு? ஆனால் அந்தச் செலவு யாருடைய கணக்கில் என்று ஆளில்லை. கொடுத்தவர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அட்டவணையில் யார், என்ன, எங்கே என்று மூன்று நிரல் இருந்தது. "அப்புறம் யார்?" என்ற நான்காவது நிரல் இல்லை. என் அபிப்பிராயத்தில் நிலைபேறான அபிவிருத்தி என்று பெரிய பெயரில் சொல்வது இந்த நான்காவது நிரலைத்தான். 2015இல் ஐக்கிய நாடுகள் சபை 17 இலக்குகள் வகுத்தபோது, பதினேழாவதாகக் கூட்டுப் பங்காண்மையை வைத்ததும் சும்மா இல்லை.

நம்ம மலைநாட்டுக்கும் இது பொருந்தும். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர், முன்பு சொன்ன 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீட்டுக்கு இந்தியா, காணிக்குத் தோட்டமும் அரசாங்கமும், தண்ணீருக்கு வேறொருவர், பாதைக்கு பிரதேச சபை என்று பல கைகள் சேருகிற வேலை இது. வீடு எழும்பியும் தண்ணீர் வராவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஆகவே அடுத்த முறை யாராவது அளவு நாடாவோடு வந்தால், தேத்தண்ணி கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், கேட்கவும் கேளுங்கள். ஏழு பேர்ச் காணியின் உறுதி யார் பெயரில்? பம்பு பழுதானால் யார் திருத்துவது, காசு எங்கிருந்து? பிள்ளை மடுவத்துச் சாவி யாரிடம்? வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டத்தில் இதைக் கேட்டு, பதிலையும் சொன்னவரின் பதவியையும் திகதியோடு கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். செயலாளர் எழுதியதும் ஒரு தரம் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.