கட்டுரைகளை அல்ல, கருவிகளை எண்ணுங்கள்

மாரியூர்–வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி மிதித்து, உப்பு வாரி, கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிற ஓர் அம்மாவிடம் போய், "மேசையை நகர்த்துவது, வாக்குவம் கிளீனர் தள்ளுவது, கோல்ஃப் ஆடுவது, இதெல்லாம் செய்யச் சிரமமா இருக்காம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். எஸ்.எஃப்-36 என்ற உடல்நலக் கேள்வித்தாளின் அமெரிக்க மூலத்தில், மிதமான உழைப்புக்கு எடுத்துக்காட்டாக இவைதான் இருக்கின்றன. அந்த அம்மா சொல்லும் பதிலுக்கும் ஒரு மதிப்பெண் விழும். அது எதை அளந்தது என்பதுதான் கேள்வி.

இப்படிப்பட்ட கேள்வித்தாள்களை, அதாவது அளவுக் கருவிகளை, சோதித்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் திரட்டி, எதை நம்பி எடுக்கலாம் என்று சொல்லத்தான் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ எழுதுகிறோம். ஆனால் என்னிடம் திருத்த வரும் முதுநிலை மாணவர்களின் வரைவுகளைப் படித்து முடித்தபின், எந்தக் கருவியை எடுப்பது என்று எனக்கே தெரிவதில்லை. உழைப்பில் குறை இல்லை. எழுதிய விதத்தில்தான் குறை.

முதலில் சரிபார்ப்புப் பட்டியலை மாற்றுங்கள். ரிவ்யூவில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா பட்டியலின் 2020-ஆம் ஆண்டு வடிவத்தை எல்லோரும் எடுத்து அதன் 27 அம்சங்களையும் நிரப்புகிறார்கள். அது முக்கியமாகச் சிகிச்சைகளை ஒப்பிடும் ரிவ்யூக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அளவுக் கருவிகளுக்கென்றே 2024-இல் பிரிஸ்மா-காஸ்மின் வந்துவிட்டது. முழுக் கட்டுரைக்கு ஒன்று, சுருக்கத்துக்கு ஒன்று என்று அதில் இரண்டு பட்டியல்கள் உண்டு. கட்டுரையை எழுதி முடித்தபின் பட்டியலைத் திறக்காதீர்கள். நெறிமுறை எழுதும் அன்றே திறந்து வையுங்கள்.

தேடலைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தட்டிய தேடல் வரியை அப்படியே பின்னிணைப்பில் போடுங்கள். தமிழ் வடிவம் தேடுகிறவர்கள் இலங்கை, மலேசியா, சிங்கப்பூரை விட்டுவிடக் கூடாது.

இனி, எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம்.

சிகிச்சை ரிவ்யூவில் ஆய்வுகளை எண்ணினால் போதும். இங்கே எண்ண வேண்டியவை மூன்று: எத்தனை கட்டுரைகள், எத்தனை கருவிகள், ஒவ்வொரு கருவிக்கும் எத்தனை வடிவங்கள். ஒரே கட்டுரையில் மூன்று கருவிகளைச் சோதித்திருப்பார்கள். ஒரே கருவியை ஐந்து கட்டுரைகளில் ஐந்து விதமாகச் சோதித்திருப்பார்கள். "20 கட்டுரைகள் சேர்க்கப்பட்டன" என்று ஓட்டப்படத்தை முடித்தால் வாசகர் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஓட்டப்படத்தின் கடைசிக் கட்டத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் கருவிகளின் எண்ணிக்கையையும் தனித்தனியே எழுதுங்கள். கருவிகளுக்குள்ளே வடிவங்களைப் பிரியுங்கள்: எந்த மொழி, எத்தனை கேள்விகள், அவரே நிரப்பியதா, வாசித்துக் கேட்டதா. எழுத்து வாசிக்காதவர்களும் வேலை செய்யும் உப்பளத்தில் இந்தக் கடைசி விவரத்தை விட்டுவிட்டால் மற்றவற்றால் பயனில்லை.

மொழி வடிவம் ஏன் தனி வரி கேட்கிறது? எடின்பரோ பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அளவுகோலைப் பாருங்கள். 1987-இல் வெளிவந்தது, பத்துக் கேள்விகள், அதிகபட்சம் 30 மதிப்பெண். அதன் ஆறாவது கேள்வியில் ஓர் ஆங்கில மரபுத்தொடர் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "பொருள்கள் என் மேல் ஏறிக்கொண்டிருக்கின்றன" என்று வரும். பிள்ளை பெற்ற பெண் பயந்துவிடுவாள். நம் பேச்சில் அது "எல்லாம் தலைக்கு மேல போயிருச்சு" என்பதுதான். இந்த அளவுகோலின் தமிழ் வடிவத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் கிடைத்த ஏற்புடைமைச் சான்றையும் (அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறது என்பதற்கான சான்று) வேலூரில் கிடைத்ததையும் ஒரே வரியில் கொட்டுவது தவறு. அவை இரண்டு வடிவங்கள்.

எல்லாத் தமிழ் வடிவங்களும் மொழிபெயர்ப்பாகப் பிறந்தவையும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளை உருவாக்கிய மையங்களில் சென்னையும் ஒன்று. அந்தக் கருவி பல நாடுகளில் ஒரே காலத்தில் வளர்ந்தது. அதன் 26 கேள்விச் சுருக்க வடிவத்தைத்தான் இன்று நிறையப் பேர் எடுக்கிறார்கள். வடிவம் எப்படிப் பிறந்தது என்பதற்கு அட்டவணையில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

அடுத்த குழப்பம் மூன்று மதிப்பீடுகளை ஒன்றாகக் கலப்பது. ஆய்வை எவ்வளவு ஒழுங்காக நடத்தினார்கள் என்பது ஒன்று. அளவுக் கருவிகளை மதிப்பிடும் காஸ்மின் முறையில் இதில் மிகக் குறைந்த மதிப்பெண்ணே மொத்த மதிப்பெண், சராசரி போடாதீர்கள். கிடைத்த முடிவு போதுமானதா, போதாததா, தீர்மானிக்க முடியாததா என்பது இரண்டாவது. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கையில் அந்த முடிவை எவ்வளவு உறுதியாக நம்பலாம் என்பது மூன்றாவது. இதற்கு உயர், மிதமான, குறைந்த, மிகக் குறைந்த என நான்கு படிகள். மூன்றுக்கும் அட்டவணையில் மூன்று பத்திகள். ஒரே பத்தியில் "நல்லது" என்று எழுதி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஓர் எடுத்துக்காட்டு. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.85 என்று ஒரு கட்டுரை சொல்கிறது. 0.70 என்ற வரம்பைத் தாண்டிவிட்டது, எனவே "போதுமானது" என்று எழுதத் தோன்றும். நில்லுங்கள். கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றன என்பதற்குக் கட்டமைப்புச் சான்று இருக்கிறதா? இல்லையென்றால் அந்த 0.85-க்குக் கிடைப்பது கேள்விக்குறிதான், அதாவது "தீர்மானிக்க முடியாதது". கேள்விக்குறி போட்டதற்கான காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

உள்ளடக்க ஏற்புடைமையை அட்டவணையில் முதலில் வையுங்கள், கடைசியில் அல்ல. கேள்விகள் பொருத்தமானவையா, எதுவும் விடுபட்டதா, புரிகிறதா என்று அந்த மக்களிடமே கேட்டார்களா? கேட்கவில்லையென்றால் "கேட்கப்படவில்லை" என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டம் விடக் கூடாது. வாசகருக்கு வெற்றுக் கட்டம் "நாங்கள் பார்க்கவில்லை" என்றும் படலாம், "கட்டுரையில் இல்லை" என்றும் படலாம்.

"ஏற்புடைமை நிறுவப்பட்ட கருவி" என்ற தொடரை உங்கள் கோப்பில் தேடி, வரும் இடமெல்லாம் அழித்துவிடுங்கள். அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "தமிழ் வடிவம், நகர மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம், வாசித்துக் கேட்ட முறையில், மறுசோதனை நம்பகத்தன்மை போதுமானது, உறுதி குறைவு." நீளம்தான். ஆனால் மாரியூருக்கு இது பொருந்துமா என்று வாசகர் தானே எடைபோட இந்த ஒரு வரி போதும்.

பரிந்துரையை மழுப்பாதீர்கள். காஸ்மின் மூன்று வகை தருகிறது: பரிந்துரைக்கலாம், மேலும் ஆராய வேண்டும், பயன்படுத்த வேண்டாம். ஒவ்வொரு கருவியையும் ஏதேனும் ஒன்றில் போடுங்கள். எந்தத் தமிழ் வடிவத்துக்கும் கிராமத்து உழைப்பாளிகளிடம் சான்று இல்லையென்றால், அதைச் சுருக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சாயல்குடிப் பக்கம் வேலை பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்குக் கேள்வித்தாளைத் தேர்ந்து கொடுக்கப்போகும் மருத்துவர், பெரும்பாலும் சுருக்கத்தை மட்டும்தான் படிப்பார்.