சிறுநீரகக் கல்: கிருமிக்கும் பங்கு உண்டு

சம்பா வயலுக்கு யூரியா போடுகிறோம். மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் ‘யூரியேஸ்’ என்ற நொதியால் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. பயிருக்கு அது நல்லது. ஆனால் இதே வேலை நம்ம உடம்புக்குள் நடந்தால்?

சிறுநீரிலும் யூரியா உண்டு. புரோட்டியஸ் போன்ற கிருமிகள் சிறுநீர்ப்பாதையில் தங்கினால், அதே நொதி அம்மோனியாவை உண்டாக்கும். சிறுநீர் காரத்தன்மை அடையும். மெக்னீசியமும் பாஸ்பேட்டும் அதோடு சேர்ந்து கல்லாகப் படியும். இதுதான் ‘ஸ்ட்ருவைட்’ கல். தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் வரும் கால்சியம் கல் வேறு. ஸ்ட்ருவைட் பெண்களுக்கே அதிகம் வருகிறது. சில வாரங்களிலேயே பெரிதாகவும் வளரலாம்.

கிருமி கல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மாத்திரையில் எரிச்சல் நின்னுடுச்சுன்னு விட்டுடாதீங்க. துண்டு மிஞ்சினாலும் தொற்று திரும்பும். கல்லை முழுசா அகற்ற வேண்டும்.

நடவு, களையெடுப்புக்குப் போகும் பெண்கள் சிறுநீரை அடக்க வேண்டாம். எரிச்சல் அடிக்கடி வந்தால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். மேல்சிகிச்சைக்கு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆலோசனைக்கு 104. விலாவலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.