வெள்ளைத் தாளும் ஒளியும்

ஓவியத்தை நோக்குவார் பெரும்பாலும் அதன்கண் தீட்டப்பெற்றவற்றையே நோக்குவர். தீட்டாது விடப்பெற்றவற்றை நோக்குவார் சிலரே. நீர்வண்ண ஓவியத்திலோ தீட்டாது விட்ட இடமே உயிர்நிலையாம். இதனை ஆங்கில ஓவியர் ஜான் செல் காட்மன் வரைந்த 'கிரேட்டாப் பாலம்' என்னும் ஓவியங்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

காட்மன் 1782-ஆம் ஆண்டு நாரிச் நகரிற் பிறந்தவர். 1805-ஆம் ஆண்டுக் கோடையில், 23 வயதினராய், இங்கிலாந்தின் வடபாலுள்ள ராக்பி என்னுமிடஞ் சென்று, அதனருகே ஓடும் கிரேட்டா ஆற்றங்கரையிற் பயின்றார். அப்பயணத்தின் பயனாய் எழுந்த இவ்வோவியம் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு முழ நீளமும் இல்லாத இத்தாளில், முன்னே பாறைகள் கிடக்கும் ஆறும், இடையே ஒற்றை வளைவுடைய கற்பாலமும், மருங்கே மரச்செறிவும், அப்பாற் குன்றும், மேலே முகிலும் அமைந்துள்ளன.

இனி, நீர்வண்ணத்தின் இயல்பு யாதெனிற் கூறுதும். நுண்ணிதாய் அரைத்த வண்ணப்பொடியை வேலம்பிசினொடு கூட்டி நீரிற் கரைத்துத் தீட்டுவர். நெய்வண்ணத்தில் இருளின்மேல் வெண்மையைப் பூசி ஒளி காட்டலாம். நீர்வண்ணமோ கண்ணாடிபோல் ஒளியை உட்புகவிடுவது. புகுந்த ஒளி தாளிற்பட்டு மீண்டு நம் கண்ணை அடைகின்றது. ஆதலின் வெளிய நிறத்தை முன்னும் கரிய நிறத்தைப் பின்னும் இடுவர். வேண்டுமிடத்து வெண்மையை முதலிலேயே காத்துக்கொள்ளல் வேண்டும். ஒருமுறை மூடியதைப் பழைய தூய்மைக்கு மீட்டல் அரிது.

காட்மன் இம்முறையின் எல்லையைக் கண்டவர். அவர் இலைதோறும் கோடிட்டிலர்; மரத்தொகுதியை ஒரே நிழலுருவாக்கினார். மெல்லிய வண்ணப் பரப்புக்களை ஒன்றன்பக்கத்து ஒன்றாக அமைத்து, மேன்மேலும் பூசாது நிறுத்தினார். பாலம் ஒளிர்வது அதன்மீது இட்ட நிறத்தாலன்று. அயலே நிற்கும் மரங்களின் கருமையாலேயாம். சேய்மைக் குன்றின் மென்னிறமும் அத்தகையதே. இடைநின்ற காற்று ஒளியைச் சிதறுவித்தலின், தொலைப்பொருள் நீலமுற்றுத் தெளிவு குன்றும். அவ்வியற்கையை ஓவியர் ஓரிரு பூச்சில் அடக்கினார்.

நிற்க. ஒளியாற் சிறக்கும் இவ்வோவியங்களுக்கு ஒளியே பகையுமாம். அவுரிநீலம் முதலிய சில வண்ணங்கள் நெடுநாள் ஒளிபடின் மங்கும். 1888-ஆம் ஆண்டு ரஸ்ஸல், ஏப்னி என்னும் அறிஞர் இருவர் இதனைச் சோதித்து அறிக்கை வெளியிட்டனர். அதனாலன்றோ அருங்காட்சியகத்தார் இத்தாள்களைப் பெரும்பாலும் இருளிற் காத்து, இடையிடையே சிலகாலம் மட்டும் வெளிப்படுத்துகின்றனர்!

இத்துணைத் திறம் படைத்த காட்மன் ஓவியத்தாற் செல்வம் பெற்றிலர். வரைதல் கற்பித்தே குடும்பம் புரந்தார். 1834-ஆம் ஆண்டு லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பள்ளியில் வரைகலை ஆசிரியராயமர்ந்து, 1842-இல் மறைந்தார். அவர் புகழ் ஓங்கியது இருபதாம் நூற்றாண்டிலேயாம்.

நம் இலக்கண நூலார் நூலழகு பத்தனுள் சுருங்கச் சொல்லலை முதற்கண் வைத்து, விளங்க வைத்தலை அதனையடுத்து நிறுவினர். எஞ்சவிடுவது விளங்குதற்பொருட்டே என்பது கருத்துப்போலும். எழுதுகோல் ஏந்தும் மாணவராகிய நாம், எதனை எழுதுவோம் என்பதனோடு எதனைத் தொடாது விடுவோம் என்பதனையும் எண்ணிப் பழகுவோமாக.